அந்தியூர் பழனிசாமியை அழித்த நான்கு வரிகள்

1. காலை ஏழு மணி போன்

அன்று திங்கட்கிழமை. மதுக்கரையில் எங்கள் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தியூர் டயாலிசிஸ் மையத்தின் மல்லிகா சிஸ்டர்.

"மேடம், நம்ம பழனிசாமி அய்யாவக் காணோமுங்க."

"காணோம்னா? அவங்க ஊட்டுல இருந்து சொன்னாங்களா?"

"ஆளு இருக்காருங்க. என் முன்னாடிதான் பெஞ்சுல உக்காந்திருக்காரு. கம்ப்யூட்டர்லதான் காணோமுங்க."

அவர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரின் குரல் கேட்டது. "நல்லாப் பாக்கச் சொல்லு அம்மணி. வியாழக்கெழம இருந்தனே, அதுக்குள்ள எங்க போயிருப்பேன்?"

அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

நான் ஜெசிந்தா. கோவை கணபதியில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சீனியர் டெவலப்பர். இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர், சிமென்ட் ஆலையில் வேலை பார்த்த என் அப்பா. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஈரோட்டில் ஓர் அறக்கட்டளை நான்கு ஊர்களில் டயாலிசிஸ் மையம் நடத்துகிறது. அவர்களுடைய நோயாளிகளின் பதிவேட்டை நாங்கள்தான் செய்து கொடுத்தோம். சிஸ்டர்கள் கையில் டேப்லெட் இருக்கும். அதில் எதை அழுத்தினாலும் எங்கள் சர்வருக்கு ஒரு கோரிக்கை வரும். அதை வாங்கிப் பதில் சொல்கிற பைத்தான் நிரல்தான் API. புதிதாகச் சேர்ப்பது, எடுத்துப் படிப்பது, திருத்துவது, நீக்குவது என்று கோரிக்கை நான்கு வகை. முதல் இரண்டையும் யாரும் சரியாக எழுதிவிடலாம். ஆளைப் பதம் பார்ப்பது பின்னால் உள்ள இரண்டும்.

பழனிசாமி அய்யாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். வியாழக்கிழமைக்குப் பிறகு நான்கு நாள் இடைவெளி விட்டு வந்திருந்தார். கால் வீங்கி, பேசினால் மூச்சு வாங்கியது. அவருடைய எடை எவ்வளவுக்கு இறங்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எவ்வளவு, எந்த ஊசி அவருக்கு ஆகாது என்ற விவரமெல்லாம் அந்தப் பதிவில்தான் இருந்தது. ஒரு தடவை ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து, ரத்த அழுத்தம் இறங்கி, பெருந்துறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எந்த ஊசி என்று அவருக்குத் தெரியாது. மல்லிகா சிஸ்டர் அந்த மையத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான்.

"பேப்பர் ஃபைல் இருக்குமில்லைங்க சிஸ்டர்?"

"அதெல்லாம் கட்டி ஈரோட்டு ஆபீஸ் குடோனுக்கு அனுப்பிச்சாச்சுங்களே. நீங்கதான மேடம் மீட்டிங்ல வேண்டாம்னீங்க?"

நான்தான். மூன்று மாதத்துக்கு முன்னால், நான்கு மையத்து ஆட்களையும் உட்கார வைத்து, "இனிமேல் பேப்பரே வேண்டாம்" என்று மேடையில் நிற்பவள் மாதிரி சொல்லியிருந்தேன்.

2. யாரை என்று கேட்கவில்லை

வந்த கோரிக்கைகளெல்லாம் பதிவாகும் சர்வர் லாகில் தேடியபோது அந்த வரி கிடைத்தது. ஞாயிறு மாலை, ஈரோடு அலுவலகத்திலிருந்து ஒரு DELETE, அதாவது நீக்கச் சொல்லும் கோரிக்கை. நோயாளி எண் 218. பதில் 204.

204 என்றால் 'சொன்னபடி செய்துவிட்டேன், திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை' என்று அர்த்தம்.

அந்த DELETE-க்கு நான் எழுதியது நான்கே வரி. இந்த எண்ணில் நோயாளியைத் தேடு. இல்லாவிட்டால் 404, 'அப்படி யாருமில்லை' என்று அனுப்பு. இருந்தால் நீக்கு. 204 அனுப்பு. எந்தப் பாடத்தில் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். டேட்டாபேஸில் இன்னொரு வேலையும் செய்து வைத்திருந்தேன். நோயாளியை நீக்கினால் அவரோடு சேர்ந்த எல்லாமும் தானாக நீங்கிவிடும்: சிகிச்சைக் குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, மெஷின் நேரம். இதற்கு கேஸ்கேட் என்று பெயர். எழுதிய அன்று குப்பை சேராமல் சுத்தமாகச் செய்திருக்கிறோம் என்று எனக்கு ஒரே திருப்தி.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பவானி மையத்தில் ஒரு பழனிசாமி இறந்துபோனார். எங்கள் பக்கம் ஊருக்குப் பத்துப் பழனிசாமி. ஈரோடு அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் கவிதா, பெயரைத் தேடியிருக்கிறார். திரையில் இரண்டு பழனிசாமி, ஒருவருக்கு அறுபத்தொன்று, இன்னொருவருக்கு அறுபத்திரண்டு. ஊர்ப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. தவறான வரியை அழுத்திவிட்டார். அதனால் காலியான அந்தியூர் அய்யாவின் மெஷின் நேரத்தைச் சிஸ்டம் உடனே எடுத்து, காத்திருப்பில் இருந்த ஓர் அம்மாவுக்குக் கொடுத்தும்விட்டது.

எங்கள் முதலாளி ரங்கராஜ் சாருக்கு போன் போட்டேன். நல்ல மனிதர். ஆனால் பிரச்சினை என்று வந்தால் முதலில் நம் வேலியைத்தான் பார்ப்பார்.

"அந்தப் பொண்ணு தப்பா அமுக்குனதுக்கு நாம என்னங்க ஜெசிந்தா பண்றது? கன்ஃபர்ம் கேட்டுச்சல்ல?"

"கேட்டுச்சுங்க சார். 'ஆர் யூ ஷ்யூர்'னு இங்கிலீஷ்ல கேட்டுச்சு. யாரைன்னு கேக்கலீங்க."

"சரி, மொதல்ல ஆளப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

தினமும் அதிகாலை ஒரு மணிக்கு பேக்கப் எடுக்கிறோம். திங்கள் அதிகாலை எடுத்ததில் அவர் இருக்க மாட்டார். ஞாயிறு அதிகாலை எடுத்ததில் இருப்பார். ஆனால் அதை அப்படியே திரும்ப ஏற்றினால், ஞாயிற்றுக்கிழமை நான்கு மையத்திலும் டயாலிசிஸ் செய்துகொண்ட அத்தனை பேருடைய குறிப்பும் போய்விடும். ஒருவரைக் காப்பாற்ற முப்பது பேரைக் கிணற்றில் தள்ள முடியாது. அதனால் அந்த பேக்கப்பைத் தனியாக வேறொரு டேட்டாபேஸில் ஏற்றினேன். அதிலிருந்து 218-ஐ மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஏறுவதற்கு இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது. மெஷின் நேரம் கிடைத்து வந்திருந்த அம்மா, மல்லிகா சிஸ்டரிடம் சொன்னார்: "அவுரு மூச்சு வாங்கறாருங்க. மொதல்ல அவருக்குப் போடுங்க. நானு மத்தியானமா வாரேன், எனக்கொண்ணும் வெசனமில்ல." இறந்தவர் என்று நினைத்துத் தன்னை நீக்கியதைச் சிஸ்டர் சொல்லக் கேட்டிருந்த பழனிசாமி அய்யா அதற்கும் ஒன்று சொன்னார்: "செத்தவனுக்கு எடம் குடுக்கறியே சாமி, நீ நல்லா இருப்ப."

சிரித்துவிட்டேன். கூடவே கண்ணும் கலங்கியது.

பதிவு கிடைத்தது. அதை மறுபடி உள்ளே போடுவதற்கு முன்னால், போனிலேயே வரி வரியாகப் படித்தேன். மல்லிகா சிஸ்டர் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னார். ஆகாத ஊசி, இரும்புச் சத்துக்குப் போடுகிற ஒன்று. அதன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

"அட கடவுளே" என்றார் சிஸ்டர். "இன்னைக்குப் போட வேண்டிய ஊசி லிஸ்ட்ல அதுதானுங்க எல்லாத்துக்கும் எழுதியிருக்குது."

டாக்டரிடம் போனில் கேட்டு, எட்டு மணிக்குள் அவரை மெஷினில் போட்டுவிட்டார்கள்.

3. கண்ணெதிரே காலியான கட்டம்

பிறகு டேட்டாபேஸில் ஒவ்வொரு அட்டவணையாக அவருடைய வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். முதலில் நோயாளி, பிறகுதான் அவரைச் சார்ந்தவை. வரிசை மாறினால் டேட்டாபேஸ் ஏற்காது. முடித்துவிட்டுத் திரையில் 218-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, "இப்போ பாருங்க சிஸ்டர்" என்றேன்.

"வந்துட்டாருங்க மேடம்! போன் நம்பரு மட்டும் பழசு. மாத்திக்கிறேன்."

அவர் மாற்றினார். என் திரையைப் புதுப்பித்தேன். புது போன் நம்பர் வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒவ்வாமை என்ற கட்டம் காலியாக இருந்தது.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நான் கையால் போட்டது. கண்ணெதிரே காணாமல் போயிருந்தது. எடை அளவு, மருந்தளவு எல்லாமே காலி.

ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. திருத்துவதற்கு இரண்டு முறை உண்டு. PUT என்றால், 'நான் அனுப்புவதுதான் முழுப் பதிவு, பழையதை எடுத்துவிட்டு இதை வை.' PATCH என்றால், 'நான் சொல்வதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே.' நான் எழுதியது PUT. ஆரம்பத்தில் டேப்லெட்டும் முழுப் பதிவையும் அனுப்பியதால் சரியாக ஓடியது. மூன்று வாரத்துக்கு முன்னால், அந்தியூர்ப் பக்கம் சிக்னல் கிடைக்காமல் டேப்லெட் திணறுகிறது என்று, பெயரையும் நோயாளி எண்ணையும் திருத்திய கட்டத்தையும் மட்டும் அனுப்பும்படி ஆப்பை மாற்றினோம். சர்வர் பக்கம் யாரும் தொடவில்லை. பெயரும் எண்ணும்தான் கட்டாயம், மற்றவை வந்தாலும் வராவிட்டாலும் சரி என்று நான் எழுதி வைத்திருந்தேன். வராத எல்லாவற்றையும் என் நிரல் 'காலி' என்று எடுத்துக்கொண்டு, பழையதன் மேல் எழுதி, 200, 'எல்லாம் சரி' என்று சந்தோஷமாகப் பதில் அனுப்பியிருக்கிறது.

இதில் எனக்கு வலித்தது வேறொன்று. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே மல்லிகா சிஸ்டர், "போன் நம்பரெல்லாம் அப்பப்போ காணாமப் போகுதுங்க மேடம், திரும்பத் திரும்ப அடிக்கறோம்" என்று சொல்லியிருந்தார். "நெட்வொர்க்கா இருக்கும், ஒருதடவ லாக்-அவுட் பண்ணி உள்ள வாங்க" என்று நான் பதில் சொல்லியிருந்தேன். கண்ணில் படுகிற கட்டங்களை அவர்கள் திரும்ப நிரப்பிக்கொண்டார்கள். ஒவ்வாமைக் கட்டத்தை ஊசி போடும்போதுதான் பார்ப்பார்கள். அப்போது காலியாக இருந்தால், ஒவ்வாமை எதுவும் இல்லை என்றுதானே நினைப்பார்கள்?

உடனே மூன்று வாரத்துக்கு முந்தைய பேக்கப்பை எடுத்து இன்றைய பதிவேட்டோடு ஒப்பிட்டேன். அன்று ஒவ்வாமை எழுதியிருந்து இன்று காலியாக இருப்பவர்கள், பழனிசாமி அய்யா போக, பதினோரு பேர்.

முதல் வேலையாகத் திருத்தும் வழியை மூடினேன். யார் எதைத் திருத்த அனுப்பினாலும் 'இப்போது முடியாது' என்று பதில் போகும். பிறகு நான்கு மையத்துக்கும் நானே போன் செய்தேன். "இந்தப் பதினோரு பேருக்கும் நேர்ல கேட்டு உறுதி பண்ணாம எந்த ஊசியும் போடாதீங்க." சென்னிமலை மையத்தில் ஒருவருக்கு ஊசி மருந்தை உறிஞ்சிக் கையில் வைத்திருந்தார்களாம். அவருக்கு ஆகாத மருந்துதான். கீழே வைத்துவிட்டார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை என் திறமை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். போனை எடுத்தவர்கள் எல்லோரும் சொன்னவுடன் கேட்டார்கள்.

4. டாக்டரம்மா முன்னால்

பத்து மணிக்கு கணபதி அலுவலகம். ரங்கராஜ் சார் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"பதினொன்னையும் பேக்கப்ல இருந்து எடுத்துப் போட்டுபோட்டு கம்முனு இருந்தரலாமுங்களா? இத வெளிய சொன்னா நாலு சென்டரும் போயிரும்."

"மூணு வாரத்துக்கு முன்னாடி எழுதுனதுங்க சார். நடுவுல புதுசா ஏதாவது ஒத்துக்காமப் போயிருந்தா? ஆளக் கேக்காமப் போட முடியாதுங்க. கேக்கணும்னா சொல்லித்தான ஆகணும்?"

ரங்கராஜ் சார் கார் சாவியை எடுத்தார். "வாங்க, போலாம். நீங்க பேசுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

இன்றைக்கும் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை இருப்பது அதனால்தான்.

ஈரோட்டில் அறக்கட்டளையை நடத்துகிற டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். குரல் உயர்த்தியே பேசமாட்டார். அவர் அறை வாசலில் கவிதா அழுத முகத்தோடு நின்றிருந்தார். கையில் ஒரு கவர். ராஜினாமாக் கடிதம் என்று பிறகு தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு வரி டெலிட்டையும் சொன்னேன். காலியான பதினோரு கட்டத்தையும் சொன்னேன். லாக்-அவுட் பண்ணச் சொன்னதையும் விடவில்லை.

"அப்ப இந்தப் பொண்ணு தப்புப் பண்ணலைங்கறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரே பேருல ரெண்டு பேர், ஒரு வயசு வித்தியாசம், ஊர் பேரு இல்ல. அப்படி ஒரு ஸ்கிரீனக் குடுத்தது நாங்க. அழுத்துன ஒடனே ஒரு மனுஷனோட மூணு வருஷக் குறிப்பு போகற மாதிரி எழுதுனது நானுங்க. அவங்க விரலு பட்டுச்சு, அவ்வளவுதான்."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏனுங்க ஜெசிந்தா, நான் முப்பது வருஷமா ஆபரேஷன் ரூம்ல நிக்கறேன். தையல் போடறதுக்கு முன்னாடி பஞ்ச எண்ணுவோம். உள்ள ஒன்னு விட்டுட்டா வெளிய யாருக்கும் தெரியாது. நீங்க எண்ணாமத் தெச்சுட்டீங்க."

அந்த வரியை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"பேப்பர் ஃபைல நாளைக்கே திருப்பி வரச் சொல்றேன். உங்க சிஸ்டத்த ஒரு மாசத்துல சரி பண்ணிக் காட்டுங்க. அதுவரைக்கும் ரெண்டும் ஓடட்டும்." பிறகு வாசல் பக்கம் பார்த்தார். "கவிதா, அந்தக் கவரக் கிழிச்சுப் போடு கண்ணு. இவங்க புதுசா செய்யற ஸ்கிரீன மொதல்ல நீதான் பாத்துச் சொல்லணும்."

5. அந்த ஒரு மாதம்

இளைஞர்களுக்காக வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

திருத்துவதை PATCH-ஆக மாற்றினோம். நிரலில் அது ஒரே ஒரு சொல்தான்: `exclude_unset`. அனுப்பியவர் குறிப்பிடாத கட்டத்தைத் தொடாதே என்று அர்த்தம். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. 'அனுப்பவில்லை' என்பது வேறு, 'காலி என்று அனுப்பினேன்' என்பது வேறு. ஒவ்வாமையை ஒருவர் வேண்டுமென்றே காலி செய்தால், காரணம் எழுதாமல் சர்வர் ஏற்காது. இரண்டு சிஸ்டர்கள் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தினால், பிந்தி வருபவருக்கு 409 போகும்: 'நீங்கள் பார்த்தது பழைய பதிவு, புதியதைப் பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.' இந்தச் செய்தியைத் தமிழில் எழுதினோம். சொற்களைச் சொன்னது கவிதா.

நீக்குவதில் கேஸ்கேடை எடுத்துவிட்டோம். இப்போது DELETE வந்தால் பதிவு எங்கும் போவதில்லை. 'நிறுத்தப்பட்டது' என்று ஒரு குறி, யார், எப்போது, என்ன காரணம். திரையில் பெயரோடு ஊர், மையம், புகைப்படம். நோயாளியின் சொந்த மையத்து சிஸ்டர் ஒருவர் 'ஆமாம்' என்று சொன்ன பிறகுதான் மெஷின் நேரம் அடுத்தவருக்குப் போகும். தவறு என்று தெரிந்தால் திரும்பக் கொண்டுவர ஒரே பொத்தான். டாக்டரம்மா முன்னால் அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டியபோது, "இது நல்லா இருக்குது" என்றார். அவர் வாயில் அது பெரிய சொல்.

எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதினேன்; எங்கள் நிரல் சரியாக நடக்கிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்கள் அவை. அதில் ஒன்றுக்கு `test_palanisamy` என்று பெயர். இரண்டு பழனிசாமியை உருவாக்கி, ஒருவரை நிறுத்திவிட்டு, மற்றவருடைய ஒவ்வொரு கட்டமும் அப்படியே இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும். எங்கள் அலுவலகத்தில் யார் எந்த மாற்றம் செய்தாலும் அது ஓடிப் பச்சை காட்டினால்தான் சர்வருக்குப் போகும். நான்கு மையமும் எங்களை விட்டுப் போகவில்லை. அடுத்த வருஷம் ஐந்தாவதும் வந்தது. என் வேலையில் எனக்குப் பெருமை தருவது எது என்று கேட்டால், இந்த API-யைத்தான் சொல்வேன்.

6. பட்டியலில் இல்லாத காரணம்

ஆனால் கடைசிப் பாடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சென்னிமலை மையத்தின் பொறுப்பு சிஸ்டர் ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டார். பெயர் ஷகிலா.

"மேடம், ஒரு பேஷன்ட்ட நிறுத்தோணுமுங்க. காரணம்னு கேக்குது, அதுல பொருந்தற மாதிரி ஒன்னும் இல்லீங்களே."

அந்தப் பட்டியலை நான்தான் எழுதியிருந்தேன். இறப்பு. வேறு மையத்துக்கு மாற்றம். இருமுறைப் பதிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்.

"என்ன காரணம் சிஸ்டர்?"

"கிட்னி மாத்தியாச்சுங்க மேடம். அவங்க அக்கா குடுத்திருக்காங்க. விசைத்தறி ஓட்டற தம்பி, ரெண்டு வருஷமா வந்துட்டிருந்தது. ஆறு மாசம் ஆச்சு, நல்லா இருக்குதாம். இனி இங்க வர வேண்டியதில்லன்னு சொல்லீட்டுப் போக ஸ்வீட் பாக்ஸோட வந்து நிக்குதுங்க."

கூட்டத்தில் நான், ரங்கராஜ் சார், டாக்டரம்மா, கவிதா என்று எல்லோரும் உட்கார்ந்துதான் அந்தப் பட்டியலைச் சரிபார்த்தோம். ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. ஒரு பெயரை எடுக்க வேண்டி வந்தால் அது கெட்டதுக்காகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். பிழைகளையே பார்த்துப் பார்த்து, மனுஷர் நன்றாகி வெளியே போகவும் செய்வார் என்பதே எங்களுக்கு மறந்திருந்தது.

"பத்து நிமிஷம் அந்தத் தம்பிய உக்காரச் சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.

ஒரு வரி சேர்த்தேன். அதற்கு ஒரு டெஸ்ட் எழுதினேன். எல்லாம் பச்சை. சர்வருக்கு அனுப்பிவிட்டு, "இப்போ பாருங்க" என்றேன்.

ஷகிலா சிஸ்டர் அதை வாய்விட்டுப் படித்தார்: "குணமாகி வீடு திரும்பினார்." அந்தப் பக்கம் யாரோ கை தட்டுவது கேட்டது. பட்டியலில் அதைக் கடைசியில் சேர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக வைத்திருந்தேன்.